இரண்டாவது மொய் நோட்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், புற்றுநோயாளிகளுக்கு விக் செய்வதற்காகக் கல்லூரி மாணவிகள் முடி கொடுத்த செய்தி வந்திருந்தது. இரண்டு நாள் கழித்து வாசகர் ஒருவர், "முடியைக் கொடுத்தால் நோய் போய்விடுமா? முடி வெட்டிப் போட்டோ எடுப்பது, மொட்டை போட்டுப் பணம் சேர்ப்பது எல்லாம் வெளிநாட்டைப் பார்த்துச் செய்கிற விளம்பரம்" என்று எழுதியிருந்தார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. போன வருஷம் வரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். இந்த 2025 மார்ச்சில், அமெரிக்காவில் ஒரு தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில், இத்தனை பேர் பார்க்க என் தலைமுடி முழுவதையும் எடுத்துக்கொண்டவள் நான். அதனால் அவருக்குப் பதில் சொல்ல எனக்குக் கடமை இருக்கிறது. கொஞ்சம் நீளும். முடிந்தால் சுருக்காமல் போடுங்கள்.

கோவில்பட்டிப் பக்கம் துணை சுகாதார நிலையங்களில் 33 வருஷம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் முதல் மொட்டை இருக்கன்குடி மாரியம்மனுக்குத்தான். என் மகனுக்கும் அங்கேதான், வைப்பாறும் அர்ச்சுனா நதியும் சேருகிற இடத்தில், என் தம்பி மடியில் உட்கார வைத்து எடுத்தோம். நான் பூமுடி கொடுத்திருக்கிறேனே தவிர முழு மொட்டை போட்டதில்லை. 2024 செப்டம்பரில் ஒருநாள் விடியற்காலை நாலு மணிக்கு மகன் நியூஜெர்சியிலிருந்து போன் செய்தான். ஐந்து வயதுப் பேரனுக்கு ரத்தப் புற்றுநோய் என்றான். போனை வைப்பதற்கு முன்பே, "ஆத்தா, பிள்ளையைக் காப்பாத்து, என் முடி பூராவும் உனக்கு" என்று நேர்ந்துகொண்டேன்.

அக்டோபர் முதல் வாரம் போய்ச் சேர்ந்தேன். அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியா. குழந்தைகளுக்கு வருகிற புற்றுநோய்களில் அதிகமாக வருவது இதுதான். காறை எலும்புக்குக் கீழே தோலுக்குள் ஒரு சின்னப் பொத்தான் மாதிரி போர்ட் வைத்திருந்தார்கள், மருந்தெல்லாம் அதன் வழியாக. ஸ்டீராய்டு கொடுத்த அந்த முதல் மாதத்தில் பிள்ளைக்கு அடங்காத பசி. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, "ஆச்சி, தயிர்சாதமும் அப்பளமும்" என்பான். நான் அடுப்பைப் பற்ற வைப்பேன். மருமகள் கதவோரம் நின்று அழுவாள். மாதக் கடைசியில் தலையணை உறையில் முடி கற்றை கற்றையாகக் கிடந்தது. அதை நான் ஒட்டும் டேப்பை வைத்து ஒற்றி ஒற்றி எடுத்தேன், அவன் எழுந்திருக்கும் முன்னால்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். இத்தனை வருஷமும் என் வீட்டுக்காரரைத் தவிர யாரிடமும் சொல்லாதது.

ஊரிலிருந்து போகும்போது பேரனுக்காக ஒரு சத்து டானிக் வாங்கிப் போயிருந்தேன். பிள்ளை வெளிறிப்போய் இருக்கிறானே, இரும்புச்சத்து ஏறட்டும் என்று. மருத்துவமனையில் மருந்தாளுநர் பெண் அந்தப் பாட்டிலை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதில் ஃபோலிக் ஆசிட் இருக்கிறது, இப்போது கொடுக்கவே கூடாது" என்றார். நானும் செவிலியர்தான் என்று மகன் சொன்னதும், உட்கார வைத்து விளக்கினார். செல் பெருகுவதற்கு ஃபோலிக் ஆசிட் வேண்டும். ரத்தப் புற்றுநோயின் செல்லுக்கும் அதுதான் தீனி. 1940களில் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் இதைக் கவனித்தார். அப்படியானால் அந்தத் தீனியை அடைத்தால் என்ன என்று யோசித்தார். ஃபோலிக் ஆசிட் மாதிரியே இருந்து செல்லை ஏமாற்றுகிற மருந்தை 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். பத்துப் பேருக்கு நோய் தணிந்தது. அது நிலைக்கவில்லை, சில மாதங்கள்தான். ஆனாலும் அதற்கு முன்னால் இந்த நோய்க்கு அந்தச் சில மாதங்கள்கூடக் கிடையாது. 1948-இல் அவர் அதை எழுதி வெளியிட்டார். அந்த வம்சத்து மருந்துதான் மெத்தோட்ரெக்சேட். இன்றைக்கும் இந்த நோய் வந்த பிள்ளைகள் வாரம் ஒருநாள் விழுங்குகிற மஞ்சள் மாத்திரை அது.

கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் கை நடுங்கிவிட்டது. 1992-இல் என் பொறுப்பில் இருந்த ஒரு கிராமத்தில் ஏழு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி. வெளிறிப்போய் இருந்தாள், காய்ச்சல் விட்டு விட்டு வந்தது, கால் வலிக்கிறது என்று ராத்திரி அழுகிறாள் என்றார் அவள் அம்மா. முழங்காலில் நீலம் பாய்ந்த தடம். எங்கேயோ விழுந்திருப்பாள் என்று நினைத்தேன். கையில் இருந்த இரும்பு, ஃபோலிக் ஆசிட் மாத்திரையைக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது கழுத்தில் கட்டி கட்டியாக இருந்தது, அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தேன். போனார்கள். ஒரு மாதம் வைத்தியம் நடந்தது. அப்புறம் தங்குவதற்குக் காசில்லை, வீட்டில் இன்னும் இரண்டு சின்னப் பிள்ளைகள், விதைப்பு நேரம் வேறு. திரும்பி வந்துவிட்டார்கள். தை பிறக்கும்போது அந்தப் பிள்ளை இல்லை.

அந்த மருந்தாளுநரிடம் இதைச் சொன்னேன். மகன்தான் ஒவ்வொரு வாக்கியமாக மொழிபெயர்த்தான், நடுவில் அவனுக்கே குரல் அடைத்துவிட்டது. "நீங்கள் கொடுத்த மாத்திரையால் அவள் சாகவில்லை. வைத்தியம் பாதியில் நின்றதால் செத்தாள்" என்று அவர் சொன்னார். அது சரிதான் என்று என் அறிவுக்குத் தெரிகிறது. (படிக்கிற தாய்மார்கள் தயவுசெய்து இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சோகை உள்ள பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இரும்புச்சத்து மாத்திரை அவசியம் வேண்டும். ஆனால் காய்ச்சல் விட்டு விட்டு வந்தால், காரணமில்லாமல் நீலத்தடம் விழுந்தால், எலும்பு வலி என்று பிள்ளை அழுதால், போட்டோவில் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால், டாக்டரிடம் காட்டாமல் வீட்டில் வைத்திருக்காதீர்கள்.)

ஃபார்பர் பயன்படுத்திய மருந்தைச் செய்துகொடுத்த குழுவின் தலைவர் யார் தெரியுமா? எல்லாப்பிரகடா சுப்பா ராவ். பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். மாமனார் கொடுத்த பண உதவியோடு கப்பலேறியவர். அவர் வேலை பார்த்த லெடர்லே ஆய்வுக்கூடம் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்தது. என் மகன் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போகச் சொல்லி, சாலையோரம் நிறுத்தி, வண்டியிலிருந்து இறங்கி அந்தத் திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். பேரனுக்குப் போடுகிற இன்னொரு ஊசி, வின்கிரிஸ்டின். அது நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுப்பது. எங்கள் ஊரில் அதைச் சுடுகாட்டு மல்லி என்று சொல்லி வீட்டு வாசலில் வைக்கவே விடமாட்டார்கள். தென்மாவட்டத்து மானாவாரிக் காட்டில் அதைப் பயிரிட்டு ஏற்றுமதி செய்கிறார்கள். 1963-லிருந்து அந்த மருந்து குழந்தைகளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், நானும் அந்த வாசகர் மாதிரி, ஆராய்ச்சி என்றால் யாரோ பெரிய கம்பெனி, யாரோ பெரிய அரசாங்கம் என்றுதான் இருந்தேன். ஒருவர் படிக்கப் போகப் பணம் வேண்டும், ஓர் ஆய்வுக்கூடத்தில் விளக்கெரியப் பணம் வேண்டும் என்று யோசித்ததே இல்லை.

டிசம்பரில் டாக்டர் எங்களை அழைத்துப் புதுச் செய்தி ஒன்று சொன்னார். பேரனுக்கு வந்திருக்கிற வகையில், வழக்கமான கீமோவோடு பிளினாட்டுமோமாப் என்ற மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 1,440 குழந்தைகள். கீமோ மட்டும் எடுத்தவர்களில் மூன்று வருஷம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் நூற்றுக்கு 88 பேர். இந்த மருந்தும் சேர்ந்தபோது 96 பேர். வித்தியாசம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால், புதிதாக வருகிற குழந்தைகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரிப்பதையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். நான் தடுப்பூசிப் பதிவேடு எழுதியே வாழ்ந்தவள். எட்டு என்பது எனக்கு எண்ணாகத் தெரியாது. எட்டு வீட்டு வாசல் தெரியும்.

அந்த மருந்தை 28 நாள் இடைவிடாமல் ஏற்ற வேண்டும். முதல் மூன்று நாள் ஆஸ்பத்திரியில். அப்புறம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், பிள்ளை முதுகில் ஒரு சின்னப் பையோடு. பைக்குள் மருந்தும் பம்பும், அதிலிருந்து ஒரு குழாய் நெஞ்சிலிருக்கும் போர்ட்டுக்கு. டைனோசர் படம் போட்ட பை. அவன் கக்கூஸுக்குப் போனால் நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவேன். கதவுக் கைப்பிடியில் குழாய் மாட்டிவிடக் கூடாதே என்று வீட்டிலிருந்த எல்லாக் கைப்பிடியிலும் பழைய சாக்ஸைச் சுற்றினேன். ராத்திரி பையைக் கட்டில் தலைமாட்டில் ஒரு கொக்கியில் மாட்டிவிட்டு, கீழே பாய் விரித்துப் படுப்பேன். பம்ப் மெதுவாக ஒரு சத்தம் போடும், நிற்கும், மறுபடி போடும். 28 ராத்திரி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். சத்தம் வரவில்லை என்றால் தூக்கம் கலைந்துவிடும்.

மொட்டை விஷயம் வந்தது அப்போதுதான். மகனோடு வேலை பார்க்கிற ஒருவர் வருஷா வருஷம் மார்ச்சில் தலையை மழிப்பவர். பேரனைப் பார்க்க வந்தவர், ஏன் செய்கிறார் என்று சொன்னார். 2000-ஆம் வருஷம் மார்ச் 17-ஆம் தேதி, புனித பேட்ரிக் திருநாள். மறுகாப்பீட்டுத் தொழிலில் இருந்த டிம் கென்னி, ஜான் பெண்டர், எண்டா மெக்டானல் என்ற மூன்று பேர் நியூயார்க்கில் ஒரு மதுக்கடையில் அந்தத் திருநாள் கொண்டாட்டத்தையே குழந்தைப் புற்றுநோய்க்கான மொட்டையாக மாற்றினார்கள். 17-ஆம் தேதி, 17 தலை, 17,000 டாலர் என்று கணக்கு. ஆனால் சேர்ந்தது ஒரு லட்சம் டாலருக்கு மேல். மொட்டை என்பதற்கான அவர்கள் சொல்லையும் பேட்ரிக்கையும் ஒட்டி செயின்ட் பால்ட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அப்படி ஒரு புனிதர் கிடையாது. 2005-லிருந்து இன்றுவரை அந்த அறக்கட்டளை குழந்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் கொடுத்தது 30 கோடி டாலருக்கு மேல்.

நான் முதலில் கேட்டது, பேரனுக்கு ஏறுகிற மருந்துக்கு அதில் பங்கு உண்டா என்றுதான். அவர் மிகைப்படுத்தாமல் சொன்னார். அந்தச் சோதனைக்குப் பெரும்பணம் அரசாங்கம் கொடுத்தது. ஆனால் சோதனையை நடத்தியது சில்ட்ரன்ஸ் ஆன்காலஜி குரூப், 200-க்கும் மேற்பட்ட ஆஸ்பத்திரிகள் சேர்ந்த கூட்டமைப்பு. அந்தக் கூட்டமைப்பின் ஆஸ்பத்திரிகளில் குழந்தைகளைச் சோதனையில் சேர்க்க, கணக்கு எழுத, ரத்த மாதிரியை அனுப்ப ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். அங்கேதான் மொட்டைப் பணம் போகிறது. பெரியவர்களுக்கு வருகிற புற்றுநோய்க்கு மருந்து செய்தால் கம்பெனிக்கு லட்சக்கணக்கில் ஆள் கிடைக்கும். குழந்தைகளுக்கு வருவது எண்ணிக்கையில் குறைவு, அதிலும் பல வகை. லாபம் பார்க்கிறவர் வரமாட்டார். யாராவது கையை விட்டுப் போட்டால்தான் உண்டு.

அமெரிக்காவில் ஒவ்வொரு வேலைநாளும் சராசரியாக 46 தாய்மாரிடம் "உங்கள் பிள்ளைக்குப் புற்றுநோய்" என்று சொல்கிறார்கள் என்று ஒரு கணக்கு. அந்த எண்ணையே பெயராக வைத்து, 2010-இல் அப்படிக் கேட்ட 46 அம்மாக்கள் சேர்ந்து மொட்டை போட்டார்களாம். இதைக் கேட்டதும் என் மருமகளைப் பார்த்தேன். அவள் தன் தலையைத் தொட்டுக்கொண்டாள். "நீ வேண்டாம்மா, உனக்கு வேலைக்குப் போகணும். நான் போடுறேன்" என்றேன்.

ஊருக்குப் போனில் சொன்னபோது என் மதினிக்குத் தாங்கவில்லை. "கட்டின புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில, கோயில் இல்லாத இடத்துல மொட்டையா? அதுவும் அம்மனுக்கு நேர்ந்த முடி!" அவள் பயந்துதான் சொன்னாள், அவளும் என் பேரனுக்காக வெள்ளிக்கிழமை விரதம் இருந்தவள். எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. அம்மனுக்குச் சொன்னதை வேறு இடத்தில் கொடுக்கலாமா? இரண்டு ராத்திரி யோசித்தேன். என் வீட்டுக்காரர்தான் தீர்த்து வைத்தார். "முடி மறுபடி வளரும்லா? வளர்ந்ததும் ஆத்தாளுக்குக் கொடு. இப்ப இருக்கிறதை அந்தப் பிள்ளைகளுக்குக் கொடு. அவ கோவிச்சுக்க மாட்டா."

மகன் என் பெயரில் பணம் சேர்க்க இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கினான். ஆயிரம் டாலர் வந்தால் போதும் என்று குறித்தோம். பக்கத்து வீட்டுக்காரர்கள், அவன் ஆபீஸ், சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், அவர்கள் பெற்றோர், யார் யாரோ போட்டார்கள். ஒரு பிள்ளை உண்டியலை உடைத்து நாலு டாலர் சில்லறை கொண்டுவந்து என் கையில் கொடுத்தது. மொத்தம் 6,340 டாலர்.

அன்றைக்குத் தீயணைப்பு நிலையத்தில் வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நாலு நாற்காலி போட்டிருந்தார்கள். முடி வெட்டுகிறவர்கள் எல்லாரும் அந்த ஊர்க் கடைக்காரர்கள், காசு வாங்காமல் வந்தவர்கள். பெரிய பெரிய ஆண்கள், இரண்டு போலீஸ்காரர்கள், பத்து வயதுப் பெண் ஒருத்தி, அவள் தம்பிக்காக. சேலை கட்டிய கிழவி நான் ஒருத்திதான். பேரனும் வந்திருந்தான், முகக்கவசத்தோடு, ஓரமாக. அவனுக்கு அப்போது தலையில் பூனைமுடி மாதிரி முளைக்கத் தொடங்கியிருந்தது. என் பின்னலை முதலில் கத்தரியால் வெட்டி எடுத்தார்கள். வெட்டியது என் பேரன்தான், அவன் கை மேல் முடி வெட்டுகிற பெண்மணி கை வைத்துக்கொண்டார். வெட்ட வெட்ட நறுக் நறுக்கென்று சத்தம். அப்புறம் மிஷினைத் தொடங்கினார்கள். நம் ஊரில் தலையில் தண்ணீர் தெளித்து, தேய்த்து, சவரக்கத்தி வைப்பார்கள். அங்கே வறண்ட தலையிலேயே மிஷின். பேரன் என் காதருகே வந்து, "ஆச்சி, வலிக்காது. காதுப் பக்கம் மட்டும் கூசும்" என்றான்.

கூசத்தான் செய்தது.

முடிந்ததும் என் தலையை அவன் தடவிப் பார்த்தான், தன் தலையையும் தடவிக்கொண்டான். வீட்டுக்கு வந்து நானே சந்தனம் உரைத்துப் பூசிக்கொண்டேன். அவனும் கேட்டான், அவனுக்கு ஆகாது என்று நெற்றியில் ஒரு பொட்டு மட்டும் வைத்தேன்.

சரி, இப்போது வாசகர் ஐயாவுக்கு. முடியால் நோய் போகாது, உண்மை. அந்த மாணவிகள் கொடுத்த முடி யாரோ ஒரு பெண்ணின் தலைக்கு விக் ஆகும், அதுவும் நல்ல காரியம்தான், அவர்களைச் சோர்வடையச் செய்யாதீர்கள். ஆனால் நான் சொல்வது அடுத்த படி. முடியோடு பணமும் சேர வேண்டும், அந்தப் பணம் ஆராய்ச்சிக்குப் போக வேண்டும். இதை வெளிநாட்டுப் பழக்கம் என்று எப்படிச் சொல்வது? பிள்ளைக்காக மொட்டை போடுவதை நம்மைவிட அதிகமாகச் செய்கிறவர் யார்? பழனியிலும், சமயபுரத்திலும், திருச்செந்தூரிலும், இருக்கன்குடியிலும் ஒரு நாளைக்கு எத்தனை தலை! ஒரு காரியத்துக்கு ஊர் கூடிப் பணம் போட நமக்கு மொய் இருக்கிறது. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் மொய் விருந்து வைத்தே ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்துகிறார்கள். அந்த மூன்று பேர் நியூயார்க்கில் செய்ததற்கு வேண்டிய எல்லாமே நம் வீட்டுக் காதுகுத்தில் ஏற்கெனவே இருக்கிறது.

அமெரிக்காவில் கண்டுபிடித்ததை இங்கே வாங்கிப் போட்டால் போதாதா, இங்கே எதற்கு ஆராய்ச்சி என்று சிலர் கேட்டார்கள். போதாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வருஷத்துக்கு ஏறக்குறைய 4 லட்சம் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் புற்றுநோய் வருகிறது. பணக்கார நாடுகளில் நூற்றுக்கு 80-க்கு மேல் பிழைக்கிறார்கள். ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் 30-கூட இல்லை. 2030-க்குள் எங்கும் 60 பேராவது பிழைக்க வேண்டும் என்று 2018-இல் இலக்கு வைத்தார்கள். நம் பிள்ளைகள் நோயால் மட்டும் சாவதில்லை. கீமோவில் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும்போது கிருமித்தொற்றில் சாகிறார்கள். என் கிராமத்துப் பெண்பிள்ளை மாதிரி வைத்தியம் பாதியில் நின்று சாகிறார்கள். அங்கே தாங்குகிற அளவு மருந்து இங்கே ஒரு நோஞ்சான் பிள்ளைக்குத் தாங்குமா, எவ்வளவு குறைத்தால் நோய் திரும்பாது என்பதை இங்கேதான் பார்க்க வேண்டும். பார்த்தும் இருக்கிறார்கள். 1980களிலேயே அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் மும்பை, டெல்லி மருத்துவமனைகளும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தோடு சேர்ந்து நம் பிள்ளைகளுக்கென்று ஒரு சிகிச்சை முறையை வகுத்தன. அண்மையில் சென்னை உட்படப் பல ஊர் மருத்துவமனைகள் சேர்ந்து ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்காகப் பெரிய கூட்டுச் சோதனை ஒன்றையும் நடத்தின. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, ஊர் ஊராகக் கேட்டுத் திரட்டிய பணத்தில்தான் 1954-இல் அடையாற்றில் அந்த மருத்துவமனையே பிறந்தது.

நான் ஏப்ரலில் ஊர் திரும்பினேன். ஆவணியில் என் தம்பி பேத்திக்கு இருக்கன்குடியில் மொட்டையும் காதுகுத்தும். மண்டபத்தில் கறிச்சோறு, வாசலில் மொய் எழுத மேசை. தம்பியிடம் ஒன்று கேட்டேன். "மேசையில் இரண்டாவதாக ஒரு நோட்டு வைக்கட்டுமா? மொய் எழுதினவங்க, விருப்பம் இருந்தா இதிலயும் எழுதட்டும். திருப்பிச் செய்ய வேண்டிய மொய் இல்லை. புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்கு." அவன் கொஞ்சம் தயங்கிவிட்டு, "வைங்கக்கா" என்றான். நோட்டின் முதல் பக்கத்தில் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, எதற்கான பணம் என்று பெரிதாக எழுதினேன். பக்கத்தில் நானே உட்கார்ந்தேன், இரண்டங்குலம் வளர்ந்த முடியோடு. கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். பத்து ரூபாய் எழுதினவர் உண்டு, இரண்டாயிரம் எழுதினவர் உண்டு. முன்பு மொட்டைக்குச் சீட்டு வாங்குவோம், 2021-லிருந்து அறநிலையத்துறைக் கோவில்களில் மொட்டைக்குக் கட்டணம் இல்லை. "அந்தச் சீட்டுக் காசைப் போடுறேன்" என்று ஒரு கிழவர் எழுதினார். சாயங்காலம் எண்ணியபோது 38,450 ரூபாய். என் மதினி கடைசியாக வந்து 501 எழுதினாள்.

அந்தப் பணத்தை, பெயர் சொல்ல வேண்டாம், லாப நோக்கமில்லாத ஒரு மருத்துவமனைக்கு நேரில் கொண்டுபோனேன். கவுன்டரில் இருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். நன்கொடைப் படிவத்தில் சிகிச்சை, உணவு, கட்டடம் என்று மூன்று கட்டம் இருந்தது. "குழந்தைகள் ஆராய்ச்சிக்கு" என்றேன். "அப்படி ஒரு கட்டம் இல்லைங்கம்மா, சிகிச்சைன்னே போட்டுக்கவா?" என்றார். சிகிச்சையும் வேண்டியதுதான். ஆனால் அந்த நோட்டில் எழுதினவர்களுக்கு நான் சொன்னது வேறு. அரை மணி நேரம் காத்திருந்து, உள்ளிருந்து ஒரு டாக்டர் வந்து, படிவத்தின் ஓரத்தில் கையால் "குழந்தைப் புற்றுநோய் ஆராய்ச்சி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ரசீதை ஒட்டிய அந்த நோட்டு தம்பி வீட்டில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அதனால் உங்கள் நாளிதழ் வழியாக இரண்டே இரண்டு கேட்கிறேன். ஒன்று, மருத்துவமனைகள் தங்கள் நன்கொடைப் படிவத்தில் குழந்தைப் புற்றுநோய் ஆராய்ச்சி என்று ஒரு கட்டம் அச்சடியுங்கள். அந்தப் பணத்தில் என்ன செய்தீர்கள் என்று வருஷத்துக்கு ஒருமுறை ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள், கொடுத்தவர்கள் மறுபடி கொடுப்பார்கள். இன்னொன்று, இந்தத் தையிலும் மாசியிலும் பிள்ளைக்கு மொட்டை எடுக்கப் போகிற குடும்பங்கள், மொய் மேசையில் இரண்டாவது நோட்டு ஒன்று வையுங்கள். வைக்க நினைத்து எப்படி எழுதுவது என்று தெரியாதவர்கள், இருக்கன்குடிக்கு வெள்ளிக்கிழமை வந்தால் என்னைப் பார்க்கலாம், பெரும்பாலும் அங்கேதான் இருப்பேன்.

பேரனுக்கு 2027 மாசியில் மருந்து நிற்கும் என்று டாக்டர் கணக்குச் சொல்லியிருக்கிறார். இப்போது மஞ்சள் மாத்திரைகளைத் தானே எண்ணி எடுத்து விழுங்குகிறானாம், வீடியோவில் காட்டினான். என் முடி காதைத் தொட வளர்ந்திருக்கிறது. அந்த வருஷப் பங்குனிக் கடைசி வெள்ளிக்கு அவனைக் கூட்டி வருவதாக மகன் சொல்லியிருக்கிறான். அதுவரை வளர்கிறது அம்மனுடையது.

இப்படிக்கு,
இரா. கோமதி,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
கோவில்பட்டி வட்டம்.